இசைத்தட்டும் ஆக்கியோன் பெயரும்

முன்னுரை

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுவோர் சொல்ல வேண்டிய செய்திகள் எட்டு என வகுத்த நன்னூலார், அவற்றுள் ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்தார். நூலின் பெயரும் பயனும் கூட அதற்குப் பின்னரே வருகின்றன. யார் செய்தது என்று அறிந்த பின்னரே என்ன செய்தது என்று ஆராய வேண்டும் என்பது தமிழ் மரபின் துணிபு.

பெயர் கிடைக்காதவிடத்தும் நம் முன்னோர் வாளா இருந்திலர். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாக்கிக் குறுந்தொகைப் பாடல் ஒன்றைப் பாடிய புலவரின் இயற்பெயர் தொகுத்தோர்க்குக் கிட்டவில்லை. அவ்வுவமைத் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று குறித்தனர். நற்றிணையில் வரும் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அவ்வாறு பெயர் பெற்றவரே. தெரியாத பெயருக்கு ஈடாக வேறொரு புகழ் பெற்ற புலவரின் பெயரை அவர்கள் எழுதிவிடவில்லை. இந்நேர்மை நினைவிற் கொள்ளத்தக்கது.

ஓலைச்சுவடிக்கு நாம் காட்டிய இக்கருத்தை இசைத்தட்டுக்குக் காட்டினோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இருபதாம் நூற்றாண்டில் தமிழ்ப் பாடல்களில் பெரும்பகுதி ஏட்டில் அன்றி அரக்குத் தட்டிலேதான் மக்களைச் சென்றடைந்தது. அவற்றைப் பாடியவர் பெயர் நாடறியும். எழுதியவர் பெயரோ பலவிடத்து மறைந்தும் மாறியும் போயிற்று. அதனைத் தேடிக் காண்பதும் தமிழாய்வே என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டலே இங்கு நோக்கம்.

இசைத்தட்டு என்னும் ஆவணம்

கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பெர்க் 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் இந்தியப் பாடகர்களைப் பதிவு செய்தார். அப்போது பாடிய கௌஹர் ஜான், ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரை உரக்கச் சொல்லி முடித்தார். மெழுகில் பதித்த மூலப் பதிவுகள் கடல் கடந்து ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கேதான் தட்டுகளாக அச்சாயின. மொழியறியாத தொழிலாளர், எப்பாட்டு யாருடையது என்று அறிந்து தாள் ஒட்டுவதற்கே இந்த ஏற்பாடு.

இதில் ஒரு செய்தி பொதிந்துள்ளது. தொடக்க நாளிலேயே தட்டு கேட்டது பாடியவர் பெயரை மட்டுமே. எழுதியவர் பெயர் வணிகத்துக்குத் தேவைப்படவில்லை.

பழைய தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளைப் பாருங்கள். கம்பெனியின் பெயரும் சின்னமும் மேலே இருக்கும். பாட்டின் முதல் தொடர், இராகம், தாளம், பாடியவர், விற்பனை எண் ஆகியவை கீழே இருக்கும். இயற்றியவர் பெயர் சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை. தாளைச் சுற்றிப் பாட்டு முடியுமிடத்தில் வரிப்பள்ளம் அற்ற வெற்றிடத்தில் சிறிய எண்ணொன்று பொறித்திருக்கும். அதுவே மூலப்பதிவு எண். விற்பனை எண் மறுவெளியீட்டில் மாறக்கூடும். மூலப்பதிவு எண் அந்த ஒரு பதிவுக்கே உரியது. ஒரே பாட்டை ஒருவர் இருமுறை பாடிப் பதிந்திருந்தால் அவற்றைப் பிரித்தறிவதும், பதிவு நடந்த காலத்தை அடுத்தடுத்த எண்களைக் கொண்டு கணிப்பதும் இதனால் இயலும். சுவடியாய்வில் படிகளை ஒப்பிட்டு மூலபாடம் காண்பது போன்றதே இம்முறை.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் மைக்கேல் கின்னியர் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், 1899 முதல் 1908 வரை கிராமபோன் கம்பெனி எடுத்த இந்தியப் பதிவுகளை இவ்வெண்களின் வழியே நிரல்படுத்தியது. மும்பையில் 1990ஆம் ஆண்டு இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியதும் இத்துறைக்கு ஊக்கமளித்தது.

பாரிசு வரை சென்ற தமிழ்ப்பாட்டு

ஒரு தட்டு எத்தனை பெயர்களைச் சுமக்கும், எத்தனை பெயர்களை மறைக்கும் என்பதற்குக் கோயம்புத்தூர் தாயியின் வரலாறு தக்க சான்று. பழனிக்குஞ்சரம் என்னும் இயற்பெயர் கொண்ட இவ்வம்மையார் (1872–1917) சென்னையில் புகழ்பெற்று விளங்கிய பாடகியர் வரிசையைச் சேர்ந்தவர். இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் இவருடைய பாடல்கள் தட்டுகளாக வெளிவந்தன.

பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் (1879–1961) இந்தியா வந்து சென்றவர். தாயியின் குரலில் மனம் பறிகொடுத்தவர். அவர் ‘ராகமாலிகா’ என்னும் இசைப்படைப்பை வெளியிட்டார். மேலைநாட்டு இசையுலகில் அதன் ஆசிரியர் தெலாஜ் என்றே வழங்கியது. பிற்காலத்தில் அமெரிக்க இசையியல் அறிஞர் ஜேன் பாஸ்லர் பழைய தட்டுகளோடு அதனை ஒப்பிட்டுக் கேட்டு, தாயி பாடிய இராகமாலிகைத் தட்டே அப்படைப்பின் மூலம் என்று நிறுவினார். அத்தட்டில் தாயி பாடியதோ இராமலிங்க வள்ளலாரின் தமிழ்ப்பாட்டு.

இங்கு மூன்று பெயர்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மேலே தெலாஜ், அவருக்குக் கீழே பாடிய தாயி, அவருக்கும் கீழே, சென்னை ஏழுகிணற்றில் இளமைக் காலத்தைக் கழித்துப் பின் வடலூர் சென்ற வள்ளலார் (1823–1874). பாரிசு நகரில் அதனைக் கேட்டவர்க்கு முதற்பெயர் மட்டுமே தெரிந்தது. இரண்டாவது பெயரை மீட்டுத் தந்தது தட்டு. மூன்றாவது பெயரைக் காணத் தமிழறிவு வேண்டும். இசையியலார் நின்றுவிடும் இடத்திலிருந்து தமிழ் மாணவர் நடக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கூறல் அரிது.

பாட்டுக்குள் பதிந்த பெயர்

தாள் கிழியும், எண் தேயும். இதனை உணர்ந்தவர்போல் நம் இசைப்புலவர்கள் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்தனர். இதனை முத்திரை என்பர். தியாகராசர் தம் பெயரையே முத்திரையாக அமைத்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவ்வாறே செய்தார். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) தம் ஊர்ப்பெயரைப் பாட்டில் இழைத்தார். இராயபுரத்தில் அடங்கியிருக்கும் அப்பெருமகனாரின் பாடலை யார் எந்த மேடையில் எம்மெட்டில் பாடினும், குணங்குடி என்னும் சொல் வருமிடத்தில் ஆக்கியோன் பெயர் தானே வெளிப்பட்டுவிடும்.

ஆயினும் முத்திரை ஒன்றையே முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. புகழ் பெற்றோர் முத்திரையை வைத்துப் பிறர் பாடிய பாடல்களும் உண்டு. ஔவையார் பெயரிலும் அகத்தியர் பெயரிலும் பல காலத்து நூல்கள் வழங்குவதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று.

திரைப்படம் வந்தபின் நிலைமை மாறியது. கதைமாந்தர் பாடும் பாட்டில் கவிஞர் தம் பெயரை வைக்க இயலாது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்திற்குப் பாட்டெழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். நாடக மேடைக்கும் கிராமபோன் தட்டுக்கும் அவர் எழுதிய பாடல்கள் மிகப்பல. அப்படத்தின் சுருள் இன்று இல்லை. ஆனால் அவர் பல ஆண்டுகளாக எழுதிவந்த நாட்குறிப்புகள் எஞ்சின. பிற்காலத்தில் நூலாகவும் வெளிவந்தன. யாருக்கு எப்போது பாட்டெழுதிக் கொடுத்தார் என்பதற்கு அவர் கையெழுத்தே சான்றாயிற்று. சுருள் அழிந்தாலும் குறிப்பேடு பேசும்.

மயிலாப்பூரில் வாழ்ந்த பாபநாசம் சிவன் (1890–1973) மார்கழி விடியலில் மாடவீதிகளில் பஜனை பாடிச் சென்றவர். அவரே 1944ஆம் ஆண்டு வெளிவந்து சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தின் பாடலாசிரியர். அப்பாடல்களை நாடு முழுதும் பாகவதர் பாட்டு என்றே சொன்னது. பாகவதரின் குரல் அத்தகையது. குரலுக்கு நாம் தரும் பெருமை குறைய வேண்டியதில்லை. சொல்லுக்கு உரியவர் பெயரும் உடன் நிற்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நம் இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கும் பாடல்களுக்கும் இது பொருந்தும். இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015) பாடி, சமய எல்லை கடந்து தமிழ்நாடெங்கும் பரவிய, இறைவனிடம் கையேந்தச் சொல்லும் பாடலை அறியாதார் இலர். அதனை எழுதிய கவிஞர் ஆர். அப்துல் சலாம் என்பதை அறிந்தார் எத்தனை பேர்? பாட்டு முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லும் நாம், எழுதிய கையை மறந்திருக்கிறோம்.

ஜாஸ் இசை தரும் பாடம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசையில் தாளில் எழுதிய வடிவத்தைவிட வாசித்த பதிவே முதன்மையானது. எனவே எத்தட்டில் யார் வாசித்தார், எந்நாளில், எவ்வூரில், இயற்றியவர் யார் என்று பட்டியலிடுவதே அங்குத் தனித்துறையாக வளர்ந்தது. 1936ஆம் ஆண்டு பாரிசில் சார்லஸ் தெலோனே வெளியிட்ட தட்டு விவரத்தொகுதி அத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்று.

அத்துறையின் பயனுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சுட்டலாம். எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1954ஆம் ஆண்டு பதிவு செய்த ‘சோலார்’ என்னும் இசைக்கு இயற்றியவராக அவர் பெயரே இடப்பட்டது. அவர் மறைந்தபின் கல்லறைக் கல்லிலும் அதன் தொடக்கச் சுரங்களைப் பொறித்தனர். ஆனால் கித்தார்க் கலைஞர் சக் வெய்ன் அதனைத் தாமே இயற்றியதாக நெடுங்காலம் கூறிவந்தார். அவர் 1997ஆம் ஆண்டு மறைந்தார். 2012ஆம் ஆண்டில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்து சேர்ந்திருந்த அவருடைய தொகுப்பிலிருந்து ஒரு தனிப்பதிவு வெளிச்சத்துக்கு வந்தது. 1946ஆம் ஆண்டில் ‘சன்னி’ என்னும் பெயரில் அவர் வாசித்த அதே இசை அதில் இருந்தது. கல்லில் பொறித்த சான்றைக் காட்டிலும் பெட்டிக்குள் கிடந்த தட்டு வலிமை உடையதாயிற்று. உரியவர் அதனைக் கேட்க உயிருடன் இல்லை என்பதுதான் வருத்தம்.

வழக்கில் உள்ள ஒரு பாட்டு

தமிழிலும் இத்தகைய வழக்கொன்று உண்டு. 1965ஆம் ஆண்டு ஏ.பி. நாகராசன் இயக்கி வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில், விறகுவெட்டியாக வந்த சிவபெருமான் பாடும் ‘பாட்டும் நானே’ எனத் தொடங்கும் பாடல் புகழ் பெற்றது. படத்தின் பாடலாசிரியர் கவிஞர் கண்ணதாசன். எனினும் அப்பாடலை எழுதியவர் கவி கா.மு. ஷெரீப் (1914–1994) என்னும் கூற்று இலக்கிய வட்டத்தில் நெடுநாளாக வழங்கி வருகிறது. இரு பெருங்கவிஞர்களையும் மதிக்கும் நாம் உணர்ச்சிவயப்படாமல் இதனை எவ்வாறு ஆராய்வது?

முதலாவது, எழுத்துச் சான்று. படத்தின் பெயர்ப்பட்டியல் கண்ணதாசனைக் காட்டுகிறது. பெயர்ப்பட்டியல் வலிய சான்றே. ஆயினும் படம் முழுவதற்கும் ஒருவர் பெயரைப் பொதுவாகக் குறிக்கும் வழக்கம் உண்டு ஆதலின், அது தனிப்பாட்டு ஒவ்வொன்றுக்கும் இறுதிச் சான்றாகாது.

இரண்டாவது, சூழ்நிலைச் சான்று. 1956ஆம் ஆண்டு வெளிவந்த ‘நான் பெற்ற செல்வம்’ படத்துக்கு உரையாடல் எழுதியவர் ஏ.பி. நாகராசன், பாட்டெழுதியவர் ஷெரீப். அப்படத்திலேயே நக்கீரர், தருமி கதை நாடகமாக இடம்பெற்றது. எனவே இருவரும் திருவிளையாடற் கதையை முன்னரே கையாண்ட படத்தில் சேர்ந்து பணியாற்றினர் என்பது தெளிவு. இது கூற்றுக்கு இடமளிக்கிறது, கூற்றை மெய்ப்பிக்கவில்லை.

மூன்றாவது, தகுதிச் சான்று. முஸ்லிம் கவிஞர் ஒருவர் சிவன் கூற்றாக எழுதியிருப்பாரா என்று சிலர் ஐயுறுவர். பாரதக் கதையினின்று ‘மச்சகந்தி’ என்னும் நூலைப் படைத்தவர் ஷெரீப். புராணக் கதைமாந்தர் அவருக்கு அயலாரல்லர். ஆகவே சமயத்தைக் காட்டி இக்கூற்றை மறுக்க முடியாது. சமயத்தைக் காட்டி ஏற்கவும் கூடாது. நம்மவர் என்பதற்காக உரிமை கொண்டாடுவது ஆய்வாகாது.

நான்காவது, நம்மை முடிவுக்குக் கொண்டுசெல்லும் சான்று. கையெழுத்துப் படி, ஒலிப்பதிவு நாளில் எழுதிய குறிப்பு, ஊதியம் பெற்றதற்கான சீட்டு, அக்காலத்துப் பாட்டுப்புத்தகம் ஆகியவற்றுள் ஒன்றேனும் எதிரே இருக்க வேண்டும். அதுவரை ‘பெயர்ப்பட்டியலின்படி கண்ணதாசன், ஷெரீப் எழுதியதாகவும் கூறுவர்’ என்று இரண்டையும் எழுதி வைப்பதே செம்புலப்பெயனீரார்க்குப் பெயரிட்டோர் காட்டிய நேர்மை.

உரிமையும் பெயரும்

உரிமை உடையவர் வேறு, ஆக்கியவர் வேறு என்பதை இவ்வாய்வில் மறத்தலாகாது. பாரதியார் 1921ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை சென்னை வணிகர் ஒருவர் கைக்குச் சென்று, பின்னர் ஏ.வி. மெய்யப்பனாரிடம் வந்து, 1949ஆம் ஆண்டு அரசுடைமையாயிற்று. பாரதி பெயர் பெரும்பெயர் ஆதலால் இத்தனை கைமாறியும் அழியாது நின்றது. சிறுகவிஞர் நிலை அவ்வாறன்று.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. ஒலிப்பதிவின் உறையில் பதிவு செய்தவர் பெயர், உரிமையாளர் பெயர், முதல் வெளியீட்டு ஆண்டு ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும் என்று அதன் 52ஏ பிரிவு கூறுகிறது. அம்மூன்றில் கவிஞர் பெயர் இல்லை. ஆனால் படைப்பு தம்முடையது என்று உரிமை கோரும் தனியுரிமையை 57ஆம் பிரிவு ஆசிரியர்க்கு அளிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமத்தொகையில் பங்கு உண்டென உறுதி செய்தது. பெயர் நிலைத்தால்தான் பங்கு கிட்டும். எனவே ஆக்கியோன் பெயர் தேடுவது சில குடும்பங்களின் வாழ்வோடும் தொடர்புடைய செயல்.

சென்னையில் தேடுமிடங்கள்

ஒரு காலத்தில் பழந்தட்டு தேடுவோர் மூர் மார்க்கெட் சென்றனர். 1985ஆம் ஆண்டு அது தீக்கிரையானது. ஆயினும் தென்சென்னையில் தேடுவோர்க்கு வாயில்கள் பல உள.

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலில் நாட வேண்டிய இடம். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்கள் 1994ஆம் ஆண்டு நிறுவிய இந்நூலகத்தின் அடித்தளம். நாடகப் பாட்டுப்புத்தகங்களும், கிராமபோன் பாட்டுப்புத்தகங்களும், திரைப்பாட்டுப் புத்தகங்களும் அங்குக் காணலாம். அந்நாளில் சில காசுக்கு விற்ற அச்சிறு நூல்களே இன்று தட்டின் தாளில் இல்லாத கவிஞர் பெயரைத் தருகின்றன. 1943ஆம் ஆண்டு தோன்றி, இன்று பெசன்ட் நகரில் விளங்கும் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையமும், அடையாறு நூலகமும் பாட்டின் மூலநூலைச் சரிபார்க்க உதவும். மயிலாப்பூரை அடுத்துள்ள மியூசிக் அகாடமியின் ஒலிக்காப்பகத்தில் பழைய கச்சேரிகளைக் கேட்கலாம்.

திரைச்செய்திகளுக்கு, 2016ஆம் ஆண்டு மறைந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுதும் தொகுத்த விவரங்கள் அடிப்படையானவை. இசைத்தட்டுச் சேகரிப்பில் வி.ஏ.கே. ரங்காராவும், திரையிசை வரலாற்றில் வாமனனும் ஆற்றிய பணி பெரிது. திரைக்கவிஞர் பலர் வாழ்ந்த தியாகராய நகரில் அவர்தம் குடும்பத்தார் வீட்டுப் பரண்களும் ஒருவகை நூலகங்களே. அங்கு நுழைய நுழைவுச்சீட்டு வேண்டாம். பணிவும் பொறுமையும் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு செய்முறை

இம்மலரைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பழைய பாட்டை எடுத்துக்கொள்க. ஒரு தாளில் பத்துக் கட்டங்கள் வரைக: பாட்டின் முதற்சொல், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், கம்பெனி, விற்பனை எண், மூலப்பதிவு எண், ஆண்டு, சான்று, ஐயம். இவற்றுள் இறுதி இரண்டும் மிக இன்றியமையாதவை. ஒவ்வொரு செய்திக்கும் எதிரே அது தட்டில் கண்டதா, புத்தகத்தில் கண்டதா, ஒருவர் சொல்லக் கேட்டதா என்று எழுதுக. செய்தி கிடைக்காத கட்டத்தை வெறுமையாக விடுக. ஊகத்தால் நிரப்பிய கட்டம், வெற்றுக் கட்டத்தைவிடத் தீமை பயக்கும்.

பெரியோரிடம் கேட்கும்போது, யார் எழுதியது என்று நேரே கேட்பதினும், எப்போது எவ்விடத்தில் முதலில் கேட்டீர்கள் என்று தொடங்குவது நலம். நினைவு இடத்தையும் நிகழ்ச்சியையும் பற்றிக்கொண்டே நிற்கும். திருமண வீட்டில் ஒலிபெருக்கியில் கேட்டதா, மீலாது விழா மேடையில் கேட்டதா, இலங்கை வானொலியில் கேட்டதா என்று தெரிந்தால் காலம் தானே புலப்படும். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் ஒத்துப் பார்க்க வேண்டும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். பரணில் கிடக்கும் தட்டையும், ஒலிநாடாவையும், அட்டை கிழிந்த பாட்டுப்புத்தகத்தையும் பழைய பொருள் வாங்குவோரிடம் தந்துவிடற்க. அரக்குத்தட்டு கைதவறினால் உடையும், வெயிலில் வளையும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தாமல் நிமிர்த்தி அடுக்கி, நிழலில் வையுங்கள். எம் மாணவர் வந்து கேட்டால் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இசைத்தட்டு சுவடிக்கு இணையான தமிழ் ஆவணம் என்பதும், அதன் தாளும் எண்ணும் பாட்டின் முத்திரையும் ஒன்றையொன்று சரிபார்க்கும் சான்றுகள் என்பதும், சான்று நிரம்பாதவிடத்து இருதரப்பையும் எழுதி வைப்பதே ஆய்வறம் என்பதும் போந்தன. கையடக்கப் பேசியில் நொடிப்பொழுதில் ஆயிரம் பாடல்கள் வருகின்றன. அவற்றுள் பலவற்றுக்குப் பாடியவர் பெயரும் படத்தின் பெயரும் மட்டுமே உடன் வருகின்றன. எழுதியவரை நினைவுகூரும் பெரியோர் நம்மிடையே வாழும் காலத்திலேயே அவர்களைக் கேட்டு எழுதிவிட வேண்டும். ஆக்கியோன் பெயரை முதலில் வைத்த மொழிக்கு அதுவே நாம் செலுத்தும் கடன்.